பில் எவன்ஸின் ஒலி டிஜிட்டல் பியானோவில் வருமா? நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

டிஜிட்டல் பியானோ வாங்கிச் சில மாதங்கள் ஆனதும், ஜாஸ் கேட்கும் பழக்கமுள்ள எவருக்கும் ஒரு மனக்குறை தொடங்கிவிடுகிறது. ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் பதிவுகளில் கேட்கும் அந்தக் கனிந்த, அதே சமயம் ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெரியும் ஒலி, தன் கருவியில் ஏன் வரவில்லை? கார்டுகள் (ஒன்றாக அழுத்தும் சுரக்கூட்டங்கள்) அதேதான். பாட்டும் அதேதான். ஆனால் வீட்டில் ஒலிப்பது மழமழவென்று, உயிரில்லாமல் இருக்கிறது.

இதற்குப் பொதுவாக நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன: கருவிக்குள் இருக்கும் அமைப்புகளை மாற்றுவது, கணினியில் பியானோ மென்பொருள் போடுவது, நல்ல ஸ்பீக்கரோ ஹெட்போனோ வாங்குவது, வாசிக்கும் கையை மாற்றுவது. எதில் பணத்தையும் நேரத்தையும் போடுவது என்று தெரியாமல் திணறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

## முதலில், எந்த எவன்ஸ்?

பில் எவன்ஸ் (1929–1980) ஒரே ஒலியில் வாசித்தவர் அல்லர். அவரைப் போல ஒலிக்க வேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பதிவு என்பதைத்தான்.

1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய நாட்களில் மைல்ஸ் டேவிஸ் குழுவோடு அவர் வாசித்தது நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆவது தெரு ஸ்டுடியோவில். ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம் அது. கூரை மிக உயரம். அந்தப் பதிவுகளில் பியானோவைச் சுற்றி ஒரு காற்றோட்டம் கேட்கிறது.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. கிரீனிச் வில்லேஜில் நிலவறையில் இயங்கும் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில், பாஸ் (கீழ்ச் சுரங்களை ஒலிக்கும் பெரிய தந்திக்கருவி) வாசித்த ஸ்காட் லஃபாரோவுடனும் டிரம்ஸ் வாசித்த பால் மோஷனுடனும் எவன்ஸ் ஐந்து செட் (இடைவேளைகளுக்கு இடையிலான சுற்றுகள்) வாசித்தார். அதற்குப் பதினோரு நாட்களில் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பதிவில் எதிரொலி குறைவு. கண்ணாடிக் குவளைகள் உரசுவதும் பேச்சும் கேட்கும் அளவுக்கு எல்லாம் நெருக்கமாக இருக்கிறது.

1970-களின் எவன்ஸ் வேறு. கை இன்னும் துடிப்பாகவும் அழுத்தமாகவும் மாறிவிட்டது. அவ்வப்போது ஃபென்டர் ரோட்ஸ் மின்பியானோவும் வாசித்தார்.

இவை மூன்றுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. வேன்கார்ட் பதிவை மனத்தில் வைத்துக்கொண்டு கருவியில் 'கான்சர்ட் ஹால்' ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டால், எவ்வளவு முயன்றாலும் அந்த ஒலி வராது. நான் கீழே சொல்வது எல்லாம் 1961-இன் ஒலியை இலக்காகக் கொண்டது.

## எதைக் கொண்டு எடை போடுவது?

கம்பியும் சுத்தியலும் கொண்ட மரபுப் பியானோவில் வாசிப்பவரின் விரலுக்கு ஒரு சுரத்தின் மேல் உள்ள அதிகாரம் மிகக் குறைவு. கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது, எப்போது விடுபடுகிறது, அவ்வளவுதான். அதோடு பெடல். சுத்தியல் வேகமாக மோதினால் அதன் ஃபெல்ட் (கம்பளி உறை) இறுகிக் கடினமாகச் செயல்படும். ஒலி உரப்பதோடு கூர்மையும் ஆகும். மெதுவாக மோதினால் ஒலி தணியும், மென்மையும் ஆகும். உரப்பும் நிறமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஆகவே ஒரு கலைஞரின் 'டோன்' என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு, ஒரு கார்டுக்குள் எந்தச் சுரம் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்ற பங்கீடு. மிச்சம், பியானோவின் குணமும் அறையும் மைக்கும் டேப்பும்.

இதிலிருந்து என் அளவுகோல்கள் வருகின்றன:

- மெதுவாக வாசிக்கும்போதும் சுரத்தின் தொடக்கம் தெளிவாக இருக்கிறதா?
- நடுப்பகுதியில் நெருக்கமாக வைத்த நான்கு சுரக் கார்டு, குழம்பாமல் பிரிந்து கேட்கிறதா?
- கார்டின் உச்சியில் உள்ள சுரத்தை மட்டும் தூக்கிப் பாடவைக்க முடிகிறதா?
- சுற்றியுள்ள அறை, இலக்குப் பதிவின் அறையை ஒத்திருக்கிறதா?
- தினமும் பியானோ முன் உட்காருவதை இது எளிதாக்குகிறதா, தடுக்கிறதா?

கடைசி அளவுகோலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் அதற்கே அதிக எடை கொடுப்பேன்.

| வழி | எதை மாற்றும் | கைச்செலவு | மறைந்த செலவு |
|---|---|---|---|
| உள் அமைப்புகள் | டச் (விரலின் வேகத்துக்குக் கருவி தரும் பதில்), ரிவெர்ப், ஓரளவு நிறம் | இல்லை | மறதி, ஓயாத திருகல் |
| மென்பொருள் | பியானோவின் குணம் முழுவதும் | இலவசம் முதல் சில நூறு யூரோ வரை | தாமதம், கணினி, இன்டர்ஃபேஸ் |
| ஸ்பீக்கர் / ஹெட்போன் | கேட்கும் தெளிவு | நடுத்தரம் முதல் அதிகம் வரை | இடம், அறையின் குறைகள் |
| கை | கார்டுக்குள் பங்கீடு, பெடல் | பெடல் விலை மட்டும் | மாதக்கணக்கான பயிற்சி |

## வழி ஒன்று: கருவிக்குள்ளேயே

பலரும் முதலில் கை வைப்பது 'மெல்லோ' என்ற தெரிவில். கவாய் கருவிகளின் வர்ச்சுவல் டெக்னிஷியனில் மெல்லோ 1, மெல்லோ 2, டைனமிக், பிரைட் 1, பிரைட் 2 என வாய்சிங் (ஒலியின் நிறத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) வகைகள் உண்டு. யமஹாவின் ஸ்மார்ட் பியானிஸ்ட் செயலியில் மூடியின் திறப்பையும் ஒலியின் பிரகாசத்தையும் மாற்றலாம். ரோலண்டின் உயர் மாடல்களில் உள்ள பியானோ டிசைனரில் கம்பிகளின் ஒத்ததிர்வு, டேம்பர் அதிர்வு (பெடலை மிதிக்கும்போது எல்லாக் கம்பிகளும் சேர்ந்து அதிர்வது), ஒவ்வொரு கட்டையின் குணம் வரை திருத்தலாம்.

எவன்ஸ் என்றால் மென்மை, மென்மை என்றால் மெல்லோ என்று மனம் போகிறது. இந்த முடிவோடு நான் முழுதாக முரண்படுகிறேன். வேன்கார்ட் பதிவில் அவருடைய மெல்லிய சுரங்களைக் கவனித்துக் கேளுங்கள். அவற்றுக்கு ஒரு திடமான முனை இருக்கிறது. மங்கிய ஒலி அல்ல அது. மெல்லோ அமைப்பு எல்லாச் சுரங்களின் முனையையும் ஒரே சீராக மழுக்கிவிடுகிறது. இடது கையின் நெருக்கமான கார்டு அதில் சேறாகிவிடும். என் பரிந்துரை: வாய்சிங்கை நார்மலிலேயே விடுங்கள். கருவி இயல்பாகவே கூர்மையாக இருந்தால் மட்டும் ஒரு படி மெல்லோ.

மாற்ற வேண்டியது டச். பெரும்பாலான கருவிகளில் லேசானது, நடுத்தரம், கனமானது என்று மூன்று படியாவது இருக்கும். யமஹாவின் பி வரிசையில் சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்று பெயர். ஹார்ட் வைத்தால் மெலிந்த ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடைவெளி அகலமாகிறது, உரக்க வேண்டுமானால் நன்றாக அழுத்த வேண்டும். கட்டையின் எடை இதனால் மாறுவதில்லை. விரலின் வேகத்தைக் கருவி எப்படி ஒலியாகப் படிக்கிறது என்பதே மாறுகிறது. ஆனால் பலன் பெரிது: மெலிந்த பகுதி விரிவாகி, ஒரே கார்டில் உச்சிச் சுரத்தை உரக்கவும் உள் சுரங்களைத் தணிவாகவும் வைக்க இடம் கிடைக்கிறது. எவன்ஸ் குடியிருப்பது அந்த இடத்தில்தான். நான்கு வழிகளிலும் காசில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இது என்று உறுதியாகச் சொல்வேன்.

ரிவெர்ப்பை முழுதாக அணையுங்கள், அல்லது சிறிய அறை வகையைக் குறைந்த அளவில் வையுங்கள். டேம்பர் அதிர்வு, கம்பி அதிர்வு இரண்டையும் நடுவில் விடுங்கள். இரண்டையும் ஏற்றிவைத்தால் பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஒரு மூட்டம் கூடும்.

ஈக்வலைசர் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் மூன்று சிறு திருத்தங்கள் போதும். 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரண்டு டெசிபல் குறையுங்கள். நடு சி 262 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, இடது கைக் கார்டுகள் எல்லாம் அதைச் சுற்றியே கூடுகின்றன, குழப்பமும் அங்கேதான். 2,500 ஹெர்ட்ஸ் அருகே ஒரு டெசிபல் கூட்டினால் சுரத்தின் முனை தெரியும். 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லச் சரியவிட்டால், அன்றைய டேப் பதிவின் சாயல் கொஞ்சம் கிடைக்கும். பாஸ் எனப்படும் கீழ்ப்பகுதியைக் கூட்டாதீர்கள். காரணம் நான்காவது வழியில் வருகிறது.

யமஹா கருவிகளில் ஐஏசி என்று ஒரு வசதி உண்டு. வால்யூமைக் குறைத்தால் அது தானாகவே கீழ், மேல் சுரங்களை ஏற்றிக் கொடுக்கும். இரவு நேரப் பயிற்சிக்கு நல்லது, ஒலியைச் சீர்செய்யும் வேலைக்கு இடைஞ்சல். திருத்தம் செய்யும்போது அணைத்துவையுங்கள்.

மறைந்த செலவு இரண்டு. சில கருவிகள் அணைத்தவுடன் அமைப்புகளை மறந்துவிடும். சேமிக்கும் முறையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, செயலியைத் திறந்தால் மூட மனம் வராது. அரை மணிநேரப் பயிற்சியில் இருபது நிமிடம் திரையைத் தடவுவதில் போய்விடும்.

இது யாருக்கு: இன்னும் கருவியின் அமைப்புகளைத் தொடாத எல்லோருக்கும். மற்ற மூன்று வழிகளில் எதில் இறங்குவதானாலும் இதை முடித்துவிட்டு இறங்குங்கள்.

## வழி இரண்டு: கணினியில் ஒரு பியானோ

இங்கே இரண்டு குடும்பங்கள். ஒன்று, உண்மையான பியானோவை ஒவ்வொரு கட்டையாக, பல வேகங்களில் பதிவுசெய்து அடுக்கிய சாம்பிள் பியானோக்கள். மற்றொன்று, கம்பியும் சுத்தியலும் பலகையும் எப்படி இயங்கும் என்று கணக்கிட்டு அந்த நொடியில் ஒலியை உருவாக்கும் மாடலிங் பியானோக்கள். மோடார்ட் நிறுவனத்தின் பியானோடெக் இரண்டாவது வகையில் மிகவும் அறியப்பட்டது.

சாம்பிள் வகையில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் சாலமாண்டர் கிராண்ட் பியானோ நல்ல தொடக்கம். யமஹா சி5 கிராண்ட் பியானோவைப் பதினாறு வேக அடுக்குகளாகப் பதிந்தது. காசு கொடுத்து வாங்கும் பெரிய தொகுப்புகள் பத்துக்கணக்கான ஜிகாபைட் இடம் கேட்கும். அவற்றின் அழகு, பதிந்த அந்த ஒரு பியானோவின் உண்மைத்தன்மை. அவற்றின் எல்லையும் அதுவே: பதிந்தவர் மைக்கை எங்கே வைத்தாரோ அங்கேதான் நீங்கள் நிற்க முடியும்.

எவன்ஸ் ஒலிக்காகத் திருத்த வேண்டும் என்றால் நான் மாடலிங் பக்கம்தான் சாய்வேன். பியானோடெக்கில் மெலிந்த வாசிப்பு, நடுத்தர வாசிப்பு, உரத்த வாசிப்பு மூன்றிலும் சுத்தியலின் கடினத்தைத் தனித்தனியே மாற்றலாம். மெலிந்த வாசிப்பில் சற்றே கடினமாக்கி, உரத்த வாசிப்பில் சற்றே மென்மையாக்கினால், தணிவாக வாசித்தாலும் முனை தெரியும், அழுத்தினாலும் கத்தாது. வேன்கார்ட் ஒலிக்கு இதைவிட நேரான வழி நான் அறிந்ததில்லை. கருவியின் உள் அமைப்புகளில் இந்த நுட்பம் பெரும்பாலும் கிடைக்காது.

இன்னொன்று, யூனிசன், அதாவது ஒரே சுரத்தின் கம்பிகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. பியானோவின் நடு, மேல் சுரங்களுக்கு மூன்று கம்பிகள் உண்டு. இரவுதோறும் வாசிக்கப்படும் கிளப் பியானோவில் அவை மூன்றும் ஒரே சுருதியில் துல்லியமாக நிற்பதில்லை. டிஜிட்டல் பியானோவின் அசையாத சுருதிதான் அதற்கு ஒரு பிளாஸ்டிக் சுத்தத்தைக் கொடுக்கிறது. பியானோடெக்கில் யூனிசன் அகலத்தை மயிரிழை கூட்டினால் ஒலியில் ஓர் அலைவு வருகிறது. மயிரிழைதான், கூடுதலாகப் போனால் மதுக்கடைப் பியானோ ஆகிவிடும்.

மைக் இருப்பிடத்தையும் மாற்ற முடியும். டிஜிட்டல் பியானோக்கள் வழக்கமாக வாசிப்பவரின் காதுக்கு ஒலியைக் கொடுக்கின்றன: கீழ்ச் சுரங்கள் இடது ஓரத்தில், மேல்ச் சுரங்கள் வலது ஓரத்தில். இசைத்தட்டைக் கேட்பவரோ எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஸ்டீரியோ அகலத்தைப் பாதியாகச் சுருக்கினால், பியானோ ஓர் இடத்தில் நிற்பது போல் ஆகி, இசைத்தட்டின் சாயல் சட்டென்று கிடைக்கிறது.

வாங்குமுன் பதிப்பைக் கவனிக்க வேண்டும். மலிவான ஸ்டேஜ் பதிப்பில் சுத்தியல் கடினம், யூனிசன் போன்றவற்றைத் தொட முடியாது. அதற்கு ஸ்டாண்டர்ட் பதிப்பு வேண்டும். ஒவ்வொரு கட்டையாகத் திருத்துவதற்குத்தான் அதற்கும் மேலான புரோ பதிப்பு. நமக்கு அது தேவையில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் ஸ்டேஜ் வாங்கினால், எதற்காக வாங்கினோமோ அது மட்டும் அதில் இருக்காது. முன்னோட்டப் பதிப்பு இலவசம். சில கட்டைகள் ஒலிக்காது, இருபது நிமிடத்தில் நின்றுவிடும், ஆனால் முடிவெடுக்க அது போதும்.

இப்போது மறைந்த செலவுகள். இந்த வழியில்தான் அவை அதிகம்.

முதலாவது தாமதம். விரல் அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையே பத்து மில்லிசெகண்டுக்கு மேல் போனால் கை தயங்கத் தொடங்கும். விண்டோஸ் மடிக்கணினியின் சொந்த ஒலி அட்டையில் இது எளிதில் நடக்கும். ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளி ஒலிக்கருவி) ஒன்று பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கும். ஆப்பிள் கணினிகளிலும் ஐபேடிலும் இந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது, கருவியின் சொந்த ஒலியை அணைக்க 'லோக்கல் கன்ட்ரோல்' நிறுத்தப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பியானோக்கள் சேர்ந்து ஒலிக்கும். மூன்றாவது, யூரோவில் பணம் கட்டும்போது வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும்.

நான்காவதுதான் பெரியது. பியானோவின் பொத்தானை அமுக்கி உடனே வாசிக்கும் சுகம் போய்விடுகிறது. கணினி திறந்து, கேபிள் செருகி, மென்பொருள் ஏறி, புதுப்பிப்பு அறிவிப்பை மூடி உட்காருவதற்குள் பத்து நிமிடம். மாலையில் களைத்து வருபவர் அந்தப் பத்து நிமிடத்தில் மனம் மாறி எழுந்துபோய்விடுவார்.

இது யாருக்கு: வாசிப்பதைப் பதிவுசெய்து பிறருக்குக் கேட்கக் கொடுப்பவருக்கு, கணினி ஏற்கெனவே பியானோ பக்கத்தில் நிலையாக இருப்பவருக்கு. கருவியின் உள் ஒலி பழையதாகவும் கட்டைகள் நன்றாகவும் இருந்தால், புதுக் கருவி வாங்குவதைவிட இது மிகவும் சிக்கனம்.

## வழி மூன்று: ஸ்பீக்கரும் ஹெட்போனும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பலகை வடிவ டிஜிட்டல் பியானோக்களில் ஸ்பீக்கர் சிறியது. பல மாடல்களில் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கும். தரையிலும் சுவரிலும் மோதித் திரும்பும் ஒலி, நடுப்பகுதியை உப்பவைத்துக் கார்டுகளைக் குழப்பும். கருவியைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள். எதையும் வாங்காமல் அதிலேயே வித்தியாசம் தெரியும்.

வாங்குவதானால் முதலில் ஹெட்போன், அதிலும் காதை முழுதும் சுற்றி மூடும், பின்புறம் திறந்த வகை. ஒலி தலைக்குள் நெருக்காமல் விரிந்து நிற்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் கொஞ்சம் கேட்கும் என்பதுதான் குறை. புளூடூத் ஹெட்போன் வாசிப்பதற்கு அறவே உதவாது, தாமதம் வெளிப்படையாகத் தெரியும். ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர்கள் நல்லவை, ஆனால் அறையின் குறைகளையும் சேர்த்து உரக்கச் சொல்லும்.

ஸ்பீக்கர் எவன்ஸின் ஒலியைத் தராது. உங்கள் கருவியில் ஏற்கெனவே உள்ளதை மறைக்காமல் காட்டும், அவ்வளவே. மற்ற வழிகளில் செய்த திருத்தங்கள் பலித்தனவா என்று கேட்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள் இதை முன்னால் கொண்டுவரலாம்.

## வழி நான்கு: கை

தென்கிழக்கு லூசியானா கல்லூரியில் செவ்வியல் பியானோ படித்தவர் எவன்ஸ். பாக், டெபுஸ்ஸி, ராவெல் ஆகியோரின் இசையில் ஊறிய கை. கார்டுக்குள் ஒரு குரலை மட்டும் தூக்கி நிறுத்துவது அந்தப் படிப்பின் கொடை. எந்த அமைப்பும் இதை உங்களுக்காகச் செய்யாது, ஏனென்றால் கார்டில் எந்தச் சுரம் முக்கியம் என்று கருவிக்குத் தெரியாது.

இடது கையில் அவர் வைத்த கார்டுகளில் மூலச்சுரம் (கார்டுக்குப் பெயர் தரும் அடிச்சுரம்) பெரும்பாலும் இருக்காது. 1950-களில் ரெட் கார்லண்ட், அமாத் ஜமால் போன்றவர்களும் பரப்பிய முறை இது. டி மைனருக்கு எஃப்-ஏ-சி-ஈ, ஜி ஏழாம் கார்டுக்கு எஃப்-ஏ-பி-ஈ, சி மேஜருக்கு ஈ-ஜி-பி-டி. முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்குப் போக ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது, சி-யிலிருந்து பி-க்கு. அந்த ஒரு நகர்வைக் காது பின்தொடர வேண்டும். அதற்கு மற்ற மூன்று சுரங்கள் தணிந்திருக்க வேண்டும். இவற்றை நடு சி-யைச் சுற்றி வையுங்கள். கீழே இறங்க இறங்க, என்ன ஈக்வலைசர் போட்டாலும் குழம்பும்.

மூலச்சுரத்தை யார் வாசித்தார்? லஃபாரோ. இங்கேதான் பலருடைய தேடல் திசை தப்புகிறது. இசைத்தட்டில் நாம் கேட்டு மயங்கும் ஒலி தனிப் பியானோவின் ஒலி அல்ல. கீழ்ப்பகுதி முழுவதையும் பாஸ் நிரப்புகிறது, மேலே சிம்பலின் பளபளப்பு இருக்கிறது, நடுவில் பியானோ மிதக்கிறது. வீட்டில் தனியே அதே கார்டை வாசித்தால் அந்தரத்தில் தொங்குவது போல் இருக்கும். உடனே கருவியின் பாஸ் அளவைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் நடுப்பகுதிதான் மூழ்கும். அதைவிட, ஐரியல் புரோ போன்ற துணையிசைச் செயலியில் பியானோவை அணைத்து, பாஸையும் டிரம்ஸையும் மட்டும் ஓடவிட்டு வாசியுங்கள். மென்பொருள் பியானோவின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது. ஒலி எவன்ஸை நோக்கி நகர்வதோ அதிகம்.

பயிற்சிக்கு ஒரு கார்டு: ஈ-ஏ-டி-ஜி-பி, கீழிருந்து மேலாக. 1959 பதிவின் முதல் பாட்டில் எவன்ஸ் வைத்தது இந்த அமைப்பு. உச்சியில் உள்ள பி மட்டும் பாட வேண்டும், மற்ற நான்கும் அதன் நிழலில். வாசித்ததை மிடியாக (ஒலியை அல்லாமல், எந்தக் கட்டை எப்போது எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதை மட்டும் குறிக்கும் பதிவு) பதிந்து வேக எண்களைப் பாருங்கள். 1 முதல் 127 வரையிலான அந்த அளவில் எல்லாச் சுரங்களும் 65-க்குப் பக்கத்தில் இருந்தால் உங்கள் கார்டு தட்டையாக இருக்கிறது என்று பொருள். உச்சி 75, உள் சுரங்கள் 50 என்று பிரிந்தால் காதுக்கே தெரியும். இரண்டும் ஒரே பியானோவா என்று சந்தேகம் வரும்.

பெடலில்தான் சிறு செலவு. கருவியோடு வரும் சதுர மிதிகட்டை பல மாடல்களில் வெறும் சுவிட்ச்: உண்டு, இல்லை என்ற இரு நிலைதான். எவன்ஸின் கார்டுகள் ஒன்றோடொன்று கரைந்து போவதற்கு அரைப்பெடல், அதாவது பெடலைப் பாதி மட்டும் மிதிப்பது, வேண்டும். யமஹாவுக்கு எஃப்சி3ஏ, ரோலண்டுக்கு டிபி-10 போன்ற தொடர்நிலைப் பெடல்கள் இதைச் செய்யும். உங்கள் மாடல் அரைப்பெடலை ஏற்கிறதா என்று கையேட்டில் உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். வேறு நிறுவனத்துப் பெடலைச் செருகினால் தலைகீழாக வேலை செய்யவும் கூடும்.

மறைந்த செலவு, காலம். விரல்களுக்குள் எடையைப் பிரிக்கும் பழக்கம் வாரங்களில் வராது. அதுவரை ஒலியில் முன்னேற்றம் இல்லை என்ற சோர்வு வரும். ஆனால் இந்த ஒன்றுதான் நண்பர் வீட்டுப் பியானோவுக்கும் மேடைப் பியானோவுக்கும் உங்களோடு வரும்.

## எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது

அமைப்பை மாற்றி மாற்றி வாசித்துக் கேட்டால் ஏமாற்றம்தான். ஒலி மாறியவுடன் கை தன்னையறியாமல் வேறு விதமாக வாசிக்கிறது. ஆகவே ஒரு நிமிட வாசிப்பை மிடியாகப் பதிந்துகொள்ளுங்கள். அதே பதிவைப் பழைய வாய்சிங்கிலும் புதியதிலும் மென்பொருளிலும் ஓடவிட்டுக் கேளுங்கள். கை மாறாததால் மாறுவது ஒலி மட்டுமே. மூன்றையும் ஒரே உரப்பில் வைக்க வேண்டும், ஏனென்றால் சற்று உரத்தது எப்போதும் நல்லதாகத் தோன்றும். டச் அமைப்பை மட்டும் இப்படிச் சோதிக்க முடியாது. அதற்குக் கையேதான் நீதிபதி.

இலக்குப் பதிவைக் கைபேசியிலிருந்து புளூடூத் வழியாகவோ கேபிள் வழியாகவோ பியானோவின் ஸ்பீக்கரிலேயே ஓடவிடுங்கள். எவன்ஸும் நீங்களும் ஒரே ஸ்பீக்கர் வழியாக ஒலித்தால்தான் ஒப்பீடு நியாயமானது. பலருக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது: அந்தச் சிறு ஸ்பீக்கரிலும் எவன்ஸ் எவன்ஸாகவே ஒலிப்பார்.

## என் வரிசை

தொடக்க நிலையில் இருப்பவர், கையில் சிறு தொகைதான் உள்ளது என்றால்: டச்சைக் கனமாக்கி, ரிவெர்ப்பை அணைத்து, தொடர்நிலைப் பெடலும் துணையிசைச் செயலியும் வாங்குங்கள். மென்பொருளை மறந்துவிடுங்கள்.

கை ஓரளவு பழகி, உச்சிச் சுரத்தைத் தூக்கத் தெரிந்தும் ஒலி பிளாஸ்டிக்காகவே இருக்கிறது என்றால் மென்பொருள்தான் அடுத்த படி. முன்னோட்டப் பதிப்பில் சோதித்துவிட்டு வாங்குங்கள். அடுக்ககத்தில் இரவில்தான் வாசிக்க முடியும் என்றால் அதற்கும் முன்னால் நல்ல ஹெட்போன்.

விரல்மூட்டு வலி உள்ளவர்கள் கனமான டச்சைத் தவிர்க்க வேண்டும். நடுத்தரத்திலேயே வைத்து, மென்பொருளின் வேக வளைவில் (விரலின் வேகத்தை உரப்பாக மாற்றும் கோடு) கீழ்ப்பகுதியை மட்டும் மெல்லத் தாழ்த்திக்கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பானது.

எவன்ஸ் அல்லாமல் வேறொருவரைத் தேடுபவர்களுக்கு இந்த வரிசை மாறும். ரூடி வான் கெல்டர் பதிந்த புளூ நோட் இசைத்தட்டுகளின் பியானோ உங்களுக்குப் பிடித்தது என்றால், அந்த ஒலியில் பதிவறையின் பங்கு மிகப் பெரிது: நெருக்கமான மைக், இறுகிய நடுப்பகுதி, பெட்டிக்குள்ளிருந்து வருவது போன்ற குணம். அங்கே மென்பொருளும் கம்பிரஸரும் (உரத்த, தணிந்த ஒலிகளின் இடைவெளியைக் குறைப்பது) ஈக்வலைசரும் முதலிடத்துக்கு வரும். தெலோனியஸ் மங்க் என்றால் டச்சை நடுத்தரத்தில் விட்டு, வாய்சிங்கை ஒரு படி பிரைட் பக்கம் நகர்த்தி, பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஆஸ்கர் பீட்டர்சன் என்றால், எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் மெட்ரோனோமை எடுக்க வேண்டியிருக்கும்.